'ப்ளட் ஃபீஸ்ட்' பார்க்கும் முன்: கேட்டவர்களுக்குப் பதில்

1963-ல் வந்த அமெரிக்கப் படம். இயக்கம் ஹெர்ஷல் கார்டன் லூயிஸ், தயாரிப்பு டேவிட் ஃப்ரீட்மன். வெட்டுப்பட்ட உடலை கலரில், கிட்டத்தில் காட்டிய முதல் படங்களில் ஒன்று. பார்க்கலாமா என்று கேட்டவர்களுக்காகக் காட்சிகளை ஓரளவு சொல்லிவிடுகிறேன்; கதையின் முடிவும் இதில் வரும்.

கேள்வி: சார், ரத்தம் எப்போது ஆரம்பிக்கும்?

எடுத்த எடுப்பிலேயே. ரேடியோவில் கொலைச் செய்தி கேட்ட ஒரு பெண் குளிக்கப் போகிறாள். தொட்டியிலேயே கண்ணில் கத்தி இறங்குகிறது, கொலைகாரன் அவள் காலை வெட்டி எடுக்கிறான். டைட்டில் அதற்குப் பிறகுதான். மனதைத் தயார் செய்துகொள்ள நேரமே கிடைக்காது.

கேள்வி: பழைய படம்தானே அண்ணா, ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கும் என்கிறார்களே?

ரத்தம் அப்படித்தான் இருக்கும், நடிப்பும் சுமார்தான். அதை நம்பி உட்காராதீர்கள். மோட்டல் அறையில் ஒரு பெண்ணின் நாக்கைப் பிடுங்கும் காட்சிக்கு நிஜ ஆட்டு நாக்கைப் பயன்படுத்தினார்கள். அவன் கையில் தொங்குவது அசல் இறைச்சி. அவள் வாயில் ரத்தம் வழிவதை கேமரா விலகாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். மற்ற படங்களில் கத்தி ஓங்கியதும் காட்சி மாறும், இதில் மாறாது. இந்தப் படத்துக்கு எச்சரிக்கை தேவை என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: எனக்கு ரத்தம் பார்த்தாலே மயக்கம் வரும். எதையெல்லாம் தாண்ட வேண்டும்?

தொடக்கம், கடற்கரையில் காதல் ஜோடி (மூளையை எடுக்கிறான்), மோட்டல், பழங்காலப் பலிச் சடங்கு, சவுக்கடி. 67 நிமிடப் படத்தில் இவ்வளவையும் தள்ளிவிட்டால் மிச்சம் போலீஸ் விசாரணைதான். என்னைக் கேட்டால் நீங்கள் பார்க்க வேண்டாம். பார்த்தே தீருவேன் என்றால் தனியாகப் பார்க்காதீர்கள். தலை சுற்றுவது போல் இருந்தால் உடனே படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள்.

கேள்வி: பாலியல் வன்முறை இருக்கிறதா?

வன்புணர்வுக் காட்சி இல்லை. ஆனால் அவன் தேடிப் போய் வெட்டுவதெல்லாம் இளம்பெண்களைத்தான். அரைகுறை ஆடையில் அவர்களைக் காட்டுவதும் படத்தின் வியாபாரத்தில் சேர்த்தி. சங்கிலியில் கட்டிய பெண்ணை ரத்தத்துக்காகச் சவுக்கால் அடிக்கும் இடம், எனக்கு நாக்குக் காட்சியைவிடக் கொடுமை. வீட்டிலோ வெளியிலோ அடி, வதை அனுபவித்தவர்கள் அந்த இடத்தை அவசியம் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: மிருகவதை?

திரையில் எந்த மிருகத்தையும் கொல்வதில்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் எச்சரிக்கை எதுவும் போடவில்லையா?

அமெரிக்காவில் படங்களுக்கு வயதுத் தரச் சான்று வந்ததே 1968-ல். ஃப்ரீட்மன் தியேட்டரில் வாந்திப் பைகளைக் கொடுத்தார், அதுவும் விளம்பரத்துக்குத்தான். பார்ப்பவரை எச்சரிப்பதற்கும் உசுப்பேற்றுவதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. 1980-களில் பிரிட்டனில் இதன் வீடியோ கேசட் தடைப் பட்டியலில் போனது.

கேள்வி: என் 15 வயது மகன் பார்க்கணும் என்கிறான்.

வேண்டாம் மேடம். ரத்தத்தை அவன் தாங்கிக்கொள்ளலாம். பெண் உடலை வெறும் சதையாகப் பார்க்கும் பார்வையை அந்த வயதில் தனியாக உட்கார்ந்து பார்ப்பது சரியில்லை. சினிமா வரலாற்று ஆர்வம் என்றால் இந்தப் படம் எடுத்த விதத்தை வாசிக்கக் கொடுங்கள்.

கேள்வி: எகிப்து மதத்தைக் கேவலப்படுத்துவதாகக் கேள்விப்பட்டேன்.

உண்மை. கொலைகாரன் ஃபுவாத் ராம்சஸ் 'எகிப்திய விருந்து' சமைக்கும் கேட்டரிங்காரன், இஷ்தார் தேவிக்காக நரபலி கொடுப்பவன். இஷ்தார் மெசபொடோமியத் தெய்வம், எகிப்தின் தெய்வமே அல்ல. அந்நிய மதம் என்றால் ரத்தவெறி என்ற அந்தக் காலத்து அமெரிக்க நினைப்பு படம் முழுக்க இருக்கிறது.

கேள்வி: கடைசியில் மனித மாமிசம் சாப்பிடுகிறார்களா?

இல்லை, சாப்பிடுமுன் போலீஸ் வந்துவிடும். துரத்தலில் அவன் குப்பை லாரியின் அழுத்தும் பொறியில் நசுங்கிச் சாகிறான். இயந்திரத்தில் சிக்கும் காட்சிகள் தாங்காதவர்கள் துரத்தல் தொடங்கியதுமே நிறுத்திவிடலாம். அதற்குப் பிறகு கதை எதுவும் பாக்கி இல்லை.