முகநூல் பின்னூட்டத்துக்கு வக்கீல் நோட்டீஸ்: ஆஸ்திரேலிய அரசியலமைப்பு கைகொடுக்குமா?

கேள்வி: மேற்கு சிட்னியில் ஒரு சமூக வானொலி நிலையத்தில் வாரம் ஒரு மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறோம். அனைவரும் தன்னார்வலர்கள். ஒரு பேட்டியில் உள்ளூர் கவுன்சிலர் ஒருவரைப் பற்றி விமர்சனம் வந்தது. அந்த ஒலித்துண்டை நிகழ்ச்சியின் முகநூல் பக்கத்தில் போட்டோம். கீழே ஒருவர், "டெண்டர் பணத்தைச் சுருட்டியவர்தானே இவர்" என்று எழுதிவிட்டார். இப்போது கவுன்சிலரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அரசியலமைப்பு தரும் கருத்துச் சுதந்திரம் எங்களைக் காக்காதா? அடுத்து தேர்தல் வருகிறது; கட்சிகளிடம் பணம் வாங்கி அறிவிப்பு போடலாமா?

பதில்: முதலில் நாள்காட்டியை எடுத்து, நோட்டீஸ் கைக்கு வந்த தேதியிலிருந்து 28 நாள் எண்ணி, அந்த நாளை வட்டமிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வானொலி நிலைய நிர்வாகத்துக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். ஒலிபரப்பு உரிமம் அவர்கள் பெயரில் இருக்கிறது. அவர்களிடம் காப்பீடு இருந்தால், தாமதமாகச் சொன்னதையே காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு.

இனி அரசியலமைப்பு. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பிரிவு 19(1)(அ)-வையும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் பிரிவு 14(1)(அ)-வையும் மனத்தில் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அந்த இரண்டும் குடிமகனுக்குப் பேச்சுரிமையை நேரடியாக வழங்குகின்றன. 1901 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. தகவல்தொடர்பு பற்றி அதில் இருப்பது பிரிவு 51(5)-இல் வரும் ஓர் அதிகார வரி மட்டும்: அஞ்சல், தந்தி, தொலைபேசி, இவை போன்ற பிற சேவைகள் குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு உண்டு என்கிறது அது. உரிமை தரும் வரியாக இல்லாமல், அரசுக்கு அதிகாரம் தரும் வரியாகத்தான் கதை தொடங்குகிறது.

அந்த "பிற சேவைகள்" என்ற சொல்லில்தான் பின்னால் வந்த ஊடகங்கள் எல்லாம் ஏறிக்கொண்டன. உரிமம் இல்லாமல் வானொலிப் பெட்டி வைத்திருந்ததாக ஒரு பெண்மீது 1905-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். அது ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது. (பெயரைப் பார்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போல நினைக்க வேண்டாம், அந்த நாட்டின் இறுதி நீதிமன்றம் அதுதான்.) 1935-இல் பிரிஸ்லன் வழக்குத் தீர்ப்பில், வானொலி ஒலிபரப்பும் தொலைபேசி போன்ற சேவையே என்றது பெரும்பான்மை. நீதிபதி டிக்சன் மட்டும் மறுத்தார்: தந்தியும் தொலைபேசியும் ஒருவர் இன்னொருவரோடு பேசிக்கொள்ள உதவுபவை, ஒலிபரப்போ ஓரிடத்திலிருந்து ஊருக்கே கேட்பது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்பது அவர் வாதம். தோற்ற வாதம்தான், ஆனால் கூர்மையானது. 1965-இல் தொலைக்காட்சியும் அதே பிரிவுக்குள் வந்தது. உங்கள் நிலையத்தின் உரிமம் 1992-ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சேவைகள் சட்டப்படி தரப்பட்டது; அந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் 'ஆக்மா' (ஆஸ்திரேலியத் தகவல்தொடர்பு, ஊடக ஆணையம்) 2005-இல் உருவானது. இரண்டுக்கும் வேர் அந்த ஒற்றை வரியே.

அரசின் அதிகாரத்துக்கு எல்லை எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைக்க 91 ஆண்டுகள் ஆயின. தேர்தல் காலத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அரசியல் விளம்பரங்களைத் தடை செய்து 1991-இல் ஒரு சட்டம் வந்தது. பதிலாகக் கட்சிகளுக்கு இலவச நேரம் தரப்படும். ஆனால் அதில் 90 விழுக்காடு ஏற்கெனவே நாடாளுமன்றத்தில் இருந்த கட்சிகளுக்கே. 1992-இல் ஆஸ்திரேலியன் கேப்பிட்டல் டெலிவிஷன் வழக்கில் நீதிமன்றம் அதை அடித்து வீழ்த்தியது. மக்களே நேரடியாக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 7, 24-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. தகவல் இல்லாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆகவே அரசியல் விஷயங்களைப் பற்றிப் பேசும் சுதந்திரம் அந்தப் பிரிவுகளுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது என்றது தீர்ப்பு. எழுதப்படாமல் உள்ளுறையாக இருப்பதால் இதை உள்ளுறைச் சுதந்திரம் என்பார்கள்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். இந்தச் சுதந்திரம் உங்கள் கையில் தரப்பட்ட உரிமைச் சீட்டு இல்லை. சட்டம் இயற்றும் அதிகாரத்துக்குப் போடப்பட்ட வேலி. ஒரு சட்டம் அரசியல் பேச்சை அளவுக்கு மீறி நெருக்கினால் அந்தச் சட்டம் செல்லாது, அவ்வளவுதான். 2019-இல் பானர்ஜி வழக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. புனைபெயரில் அரசை விமர்சித்து ஆயிரக்கணக்கில் ட்வீட் போட்ட ஓர் அரசு ஊழியர் வேலை இழந்தார். தன் பேச்சுச் சுதந்திரம் பறிக்கப்பட்டதாக அவர் சொன்னது எடுபடவில்லை. ஊழியர் நடத்தை விதி செல்லும் என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. உங்கள் தன்னார்வலர்களில் கூட்டாட்சி அரசுப் பணியில் இருப்பவர்கள் இருந்தால் இந்தத் தீர்ப்பை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்படியானால் அவதூறு நோட்டீஸுக்கு எதிரே இந்த வேலியால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் சுற்றுவழியில். நியூசிலாந்தின் முன்னாள் பிரதமர் டேவிட் லாங்கி, ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி மீது தொடுத்த வழக்கில், 1997-இல் ஏழு நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அவதூறுச் சட்டமும் உள்ளுறைச் சுதந்திரத்துக்கு இசைவாக இருந்தாக வேண்டும். அதற்காக அரசு, அரசியல் குறித்த வெளியீடுகளுக்குச் சிறப்புத் தற்காப்பு ஒன்று உண்டு என்றார்கள். அதைப் பெற வெளியிட்டவரின் நடத்தை நியாயமாக இருந்திருக்க வேண்டும். சொன்னது உண்மை என்று நம்ப ஆதாரம் இருந்ததா, சரிபார்க்க முயன்றீர்களா, சம்பந்தப்பட்டவரிடம் பதில் கேட்டு அதையும் வெளியிட்டீர்களா என்று பார்ப்பார்கள். பேட்டிக்கு முன்போ பின்போ கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சலாவது அனுப்பியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். அனுப்பவில்லையென்றால் இந்தத் தற்காப்பு பலவீனமாகும். பேட்டியில் வந்தது உண்மைத் தகவல்களின் மேல் எழுந்த கருத்து என்றால், நேர்மையான கருத்து என்ற தனித் தற்காப்பையும் வக்கீலிடம் கேளுங்கள். இன்னொன்று: நகராட்சி மன்றம் என்ற அமைப்பு அவதூறு வழக்குத் தொடர முடியாது, ஆனால் கவுன்சிலர் தனிமனிதராகத் தொடரலாம். நோட்டீஸ் யார் பெயரில் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து அந்தப் பின்னூட்டம். "நாங்கள் எழுதவில்லையே" என்று நீங்கள் சொல்வது மனித நியாயம். 2021 செப்டம்பரில் வந்த வொல்லர் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. செய்தி நிறுவனங்கள் முகநூல் பக்கம் திறந்து, பின்னூட்டம் எழுத வாய்ப்பும் ஊக்கமும் தந்தால், அங்கே மற்றவர்கள் எழுதுவதற்கும் அவையே வெளியீட்டாளர்கள், அந்தப் பின்னூட்டம் இருப்பதே தெரியாவிட்டாலும்கூட, என்று பெரும்பான்மை சொன்னது. தன்னார்வலர்கள் நடத்தும் சிறு பக்கங்களுக்கு இது பெரிய அநீதி என்பதே என் கருத்து. பின்னர் சட்டமே கொஞ்சம் இறங்கி வந்தது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் தலைநகரப் பகுதியிலும் 2024 ஜூலை 1 முதல் இணைய இடைநிலையாளர்களுக்கு, அதாவது மற்றவர்கள் எழுத இணையத்தில் இடம் தருபவர்களுக்கு, ஒரு தற்காப்பு உண்டு. விக்டோரியா அதே ஆண்டு செப்டம்பரில் சேர்ந்தது. நிபந்தனை இரண்டு: புகார் தர எளிதான வழியைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், எழுத்துப் புகார் வந்தால் 7 நாளுக்குள் அந்தப் பின்னூட்டத்தை நீக்கவோ மறைக்கவோ நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். வேண்டுமென்றே தீய நோக்கோடு விட்டுவைத்தால் பாதுகாப்பு போய்விடும்.

அதனால் இன்று செய்ய வேண்டியது இது. பின்னூட்டத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இணைய முகவரி, எழுதியவர் பெயர், தேதி, நேரம், அதற்கு வந்த விருப்பக்குறிகள் எல்லாம் தெரிய வேண்டும். பிறகு மறையுங்கள். சேமிக்காமல் அழித்தால் ஆதாரம் போகும். சேமித்துவிட்டு அப்படியே விட்டால் 7 நாள் ஓடிவிடும். பக்கத்தின் அறிமுகப் பகுதியில் புகார்களுக்கான மின்னஞ்சலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். நோட்டீஸ் வருவதற்கு முன் அப்படி ஒன்று இல்லையென்றால், இந்தப் பின்னூட்டத்துக்கு அந்தத் தற்காப்பு கிடைப்பது கடினம். இனி வருபவற்றுக்குப் பயன்படும். பேட்டியின் ஒலிப்பதிவையும் தனியே எடுத்து வையுங்கள். அரசியல், நடப்புச் செய்தி சார்ந்த ஒலிபரப்பின் பதிவை நிலையம் 6 வாரமும், புகார் வந்தால் 60 நாளும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பின் அழிக்க விடாதீர்கள்.

இப்போது அந்த 28 நாள். 2021 ஜூலை முதல் நியூ சவுத் வேல்ஸில், முறையான அறிவிப்புக் கடிதம் தராமல் அவதூறு வழக்கே தொடங்க முடியாது. அந்தக் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: வெளியீடு எங்கே இருக்கிறது, அதிலிருந்து என்ன குற்றச்சாட்டு தொனிக்கிறது, அதனால் தன் பெயருக்கு என்ன கடும் பாதிப்பு ஏற்பட்டது அல்லது ஏற்படக்கூடும். இவை தெளிவாக இல்லையென்றால், விவரம் கேட்டு எழுத்தில் பதில் அனுப்பலாம். அவர்கள் 14 நாளுக்குள் தர வேண்டும். கடும் பாதிப்பு என்ற படிக்கட்டு புதிது. சில்லறைச் சண்டைகளை வாசலிலேயே நிறுத்தவே அதை வைத்தார்கள். யாரும் பார்க்காத பின்னூட்டம் என்றால் அதை அங்கே சொல்லலாம்.

28 நாளுக்குள் நீங்கள் பரிகார முன்மொழிவு தரலாம். எழுத்தில், பரிகார முன்மொழிவு என்று தெரியும்படி, நியாயமான திருத்தம் வெளியிடச் சம்மதித்து, அதுவரை ஆன நியாயமான செலவைத் தரவும் ஒப்புக்கொள்ள வேண்டும். நியாயமான முன்மொழிவை அவர் மறுத்தால், பின்னால் வழக்கில் அதுவே உங்களுக்குத் தற்காப்பாக நிற்கும். மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். சட்டம் மன்னிப்பை அப்படிக் கொள்வதில்லை.

தமிழில் வந்த சொல் என்பதால் ஒரு நுட்பம் இருக்கிறது. "சுருட்டினார்" என்பதை எதிர்த்தரப்பு திருடினார் என்று மொழிபெயர்த்திருக்கலாம், லஞ்சம் வாங்கினார் என்றும் போட்டிருக்கலாம். வழக்கின் கனமே அதில் மாறும். நாட்டி (ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அமைப்பு) சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் முழு உரையாடலையும் கொடுத்துத் தனியே ஒரு மொழிபெயர்ப்பு வாங்குங்கள். ஒற்றை வாக்கியத்தை மட்டும் கொடுத்தால் முன்பின் தொடர்பு போய்விடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் நோட்டீஸுக்குப் பிறகுதான். "எங்களை மிரட்டுகிறார்கள்" என்று அடுத்த வார நிகழ்ச்சியில் அதே குற்றச்சாட்டைத் திரும்பச் சொன்னால் அது புதிய வெளியீடு. வாட்ஸ்அப் குழுவில் நோட்டீஸைப் பகிர்வதும் அப்படித்தான். வழக்குத் தொடர வழக்கமான காலவரம்பு வெளியான நாளிலிருந்து ஓராண்டு. புதிதாகப் போட்டால் புதிய கணக்கு தொடங்கலாம். ஒலித்துண்டைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள நண்பரின் சேனலில் ஏற்றிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். கேட்பவர் எங்கே பதிவிறக்குகிறாரோ அங்கே வெளியீடு நிகழ்கிறது என்று 2002-லேயே, டவ் ஜோன்ஸ் – கட்னிக் வழக்கில், முடிவாகிவிட்டது.

தேர்தல் பணம் பற்றி. சமூக வானொலியில் விளம்பரம் கூடாது. ஆதரவு அறிவிப்பு மட்டும் போடலாம்; மணிக்கு மொத்தம் 5 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, ஆதரவு தந்தவர் இவர் என்று அதிலேயே சொல்லிவிட வேண்டும். அறிவிப்பு அரசியல் சார்ந்ததென்றால், அதற்கு அனுமதி தந்தவரின் பெயரும் ஊரும், கட்சி என்றால் கட்சியின் பெயரும் முடிந்த கையோடு ஒலிக்க வேண்டும். கேட்பவர் தமிழர் என்பதால் இரு மொழியிலும் சொல்லிவிடுங்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய புதன்கிழமை முடியும் நள்ளிரவிலிருந்து வாக்குப்பதிவு முடியும்வரை தேர்தல் விளம்பரங்களுக்கு வானொலியில் முழுத் தடை. இந்தத் தடை முகநூலுக்குப் பொருந்தாது, ஆனால் அங்கே பணம் கொடுத்துப் போடும் தேர்தல் விளம்பரத்துக்கு அனுமதித்தவர் பெயரும் ஊரும் கட்டாயம்.

பேட்டிகளுக்கும் ஒரு விதி உண்டு, பலர் கவனிப்பதில்லை. தேர்தல் காலத்தில் தேர்தல் விஷயங்களை ஒலிபரப்பினால், போட்டியிடும் கட்சிகளில் முந்தைய நாடாளுமன்றத்தில் இடம் பெற்றிருந்த அனைத்துக்கும் நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வேட்பாளரைக் கூப்பிட்ட அன்றே மற்றக் கட்சி அலுவலகங்களுக்கும் அழைப்பு மின்னஞ்சல் அனுப்பி, நகலை நிலையத்தின் கோப்பில் போடுங்கள். நேயர் புகார் வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியது நிலையம்தான். ஒலிபரப்பு நெறிமுறை பற்றிய புகாருக்கு 60 நாளுக்குள் பதில் கிடைக்காவிட்டாலோ, கிடைத்த பதில் திருப்தி தராவிட்டாலோ புகார்தாரர் ஆக்மாவுக்குப் போவார். அப்போது கேட்கப்படும் முதல் காகிதம் அந்த மின்னஞ்சல் நகலாகவே இருக்கும்.