காணியில் மெட்டல் டிடெக்டர் காட்டித் தந்த பழைய செம்புக் காசு எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கொழும்பு)

முதலில் பழப்புளியையும் தேசிக்காயையும் தூர வையுங்கள். "தேய்த்தால் பளபளக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படித் தேய்த்தே எத்தனையோ காசுகள் பெயரில்லாத செம்புத் தகடாகிவிட்டன.

ராஜராஜ சோழன் காசும் பொலன்னறுவையின் பராக்கிரமபாகு, லீலாவதி காசுகளும் ஒரே அச்சு மாதிரி: ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். யாருடையது என்று சொல்பவை அமர்ந்த உருவத்தின் பக்கத்திலுள்ள சில நாகரி எழுத்துகள் (இன்று ஹிந்தி எழுதும் எழுத்தின் பழைய வடிவம்) மட்டுமே. தேய்ந்த காசில் அந்த எழுத்து பச்சைப் படலத்திலேதான் மிஞ்சியிருக்கும். படலம் போனால் எழுத்தும் போச்சு.

டிஸ்டில்ட் வோட்டரில் ஊறவிட்டு, தினமும் நீரை மாற்றி, இளகிய மண்ணை மட்டும் பல்குத்தும் குச்சியால் தள்ளுங்கள். வெளிர்பச்சைத் தூள் மா போல உதிர்ந்தால் அது உப்பு அரிப்பு. கடலோர மண்ணில் சாதாரணம். அந்தக் காசை நனைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். இரும்பையும் ஈயக் குண்டையும் ஊறப்போடவே வேண்டாம்.

பிறகு 0.01 கிராம் காட்டும் தராசில் நிறை, கலிப்பரில் விட்டம். இருட்டறையில் போன் டோர்ச்சைத் தாழ்வாகச் சரித்து, நாலு பக்கமிருந்தும் படமெடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து நிழலில் எழும்பும்.

VOC என்ற மூன்றெழுத்துக் கோர்வையை, அதாவது வீ.ஓ.சீ. முத்திரையைக் கண்டால் ஒல்லாந்தர் கம்பனிக் காசு. மெல்லிய வட்டமாக, ஏறக்குறைய 3 கிராமில், மறுபக்கம் கேடயம் இருந்தால் நெதர்லாந்தில் அடித்த டொயிட் என்ற சிறுகாசு. கேடயத்திலுள்ள சின்னம் எந்த மாகாணத்தில் அடித்தது என்று சொல்லும்: எழுந்து நிற்கும் ஒற்றைச் சிங்கம் ஹொலண்ட். அலையிலிருந்து எழும் சிங்கம் சீலண்ட். தடித்து, ஒழுங்கற்று, முத்திரைக்கு மேலே சீ (C) எழுத்து இருந்தால் கொழும்பிலேயே அடித்த ஸ்டைவர் என்ற ஒல்லாந்தர் காசு. ஜீ (G) காலி, டீ (T) திருகோணமலை, ஐ (I) யாழ்ப்பாணம். படுத்த நந்தியும் கீழே "சேது" என்ற தமிழெழுத்தும் யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை. யானை என்றால் ஆரம்ப ஆங்கிலேயர். விக்டோரியா தலையும் மரமும் என்றால் 1870 முதல்.

காசிலுள்ள ஆண்டு, அது அடித்த ஆண்டு. மண்ணில் விழுந்த ஆண்டல்ல. ஆகவே ஆழத்தையும், கூடவே கிடந்த ஓடு, ஆணி, குண்டு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் காசு பாதி ஊமை.

சட்டத்தைச் சொன்னால் பயமுறுத்துகிறேன் என்பீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள்; மண்ணுக்குள் இருப்பது அரசுடையது. அதைத் தேடித் தோண்ட, சொந்தக் காணியானாலும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அத்திவாரம் வெட்டும்போது தற்செயலாக வந்தாலும் அறிவிக்க வேண்டும். 1815 என்று பொறித்த யானைக் காசு எல்லைக்கோட்டிலேயே நிற்பதால் அதையும் காட்டிவிடுங்கள்.

டொயிட்டுக்கு இலட்சக்கணக்கில் விலை சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. டொயிட் அள்ள அள்ளக் கிடைக்கும் காசு. அந்தப் பேராசைதான் விகாரைகளையும் கோயில்களையும் இரவில் கிண்ட வைக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க கோட்டை சத்தாம் வீதியில் மத்திய வங்கியின் நூதனசாலைக்குப் படங்களோடு போங்கள். காசை ஒப்படைக்க கொழும்பு 7, தொல்பொருளியல் திணைக்களம். கொடுக்கும்போது எழுத்தில் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள்.