அயோவா அஃபென்ஸ் ஏன் அப்படித் திணறியது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அயோவா ஹாக்கைஸ் அணி 2022, 2023 சீசன்களில் ஆடிய அஃபென்ஸ் (பந்தை வைத்து முன்னேறும் பக்கம்) ரசிகர்களை நோகடித்துவிட்டது. அதன் கோச்சிங், ப்ளே காலிங் (எப்போது ஓடுவது, எப்போது வீசுவது என்று ஒவ்வொரு ப்ளேயையும் தேர்ந்தெடுப்பது) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரே ஒரு ப்ளேயைப் பிடித்துக்கொண்டு கோச்சைத் திட்டாதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் இந்த ஆட்டத்துக்குப் புதிது. ப்ளே காலிங் மோசம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முதல் டவுனைப் பாருங்கள் தம்பி. டவுன் என்றால் ஒரு முயற்சி, நான்கு முயற்சிகளில் 10 யார்டு போக வேண்டும். முதல் டவுனில் நடுவில் முட்டி ஒரு யார்டு, இரண்டாவதிலும் அதே மாதிரி இரண்டு யார்டு என்றால், மூன்றாவதில் பாஸ்தான் வரும் என்று மைதானத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும், எதிரணியின் டிஃபென்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, பந்தை வீசும் குவாட்டர்பேக் மேல் பாயும். அந்தப் பாஸ் தவறியதும் நாம் குவாட்டர்பேக்கைத் திட்டுகிறோம். தப்பு நடந்தது முதல் டவுனில். நல்ல கோஆர்டினேட்டர் (ப்ளேயைத் தேர்ந்தெடுக்கும் உதவிக் கோச்) ஒரே மாதிரி ஆட்களை நிறுத்தி ஒருமுறை ஓடுவார், அடுத்தமுறை ஓடுவதுபோல் காட்டிவிட்டு வீசுவார். எதிராளியை ஒரு நொடி தயங்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தயக்கத்தை அயோவாவால் உண்டாக்கவே முடியவில்லை.

கேள்வி: ஆட்களே சுமார் என்றால் கோச் என்ன செய்வார்?

ஆட்கள் சுமார் என்று யார் சொன்னது? சார்லி ஜோன்ஸ் என்ற ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) 2021இல் அயோவாவில் பிடித்தது 21 பந்துகள். மறுவருடம் பர்டூ பல்கலைக்கழக அணிக்குப் போனார், அங்கே 110 பிடித்தார், நாட்டிலேயே அதிகம். சாம் லபோர்ட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் அயோவாவின் முக்கிய டைட் எண்ட் (பாஸும் பிடிப்பார், எதிராளியைத் தடுக்கவும் செய்வார்) அவர், சீசன் முழுக்க ஒரே ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோவது). அடுத்த வருடம் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் டெட்ராய்ட் லயன்ஸில் முதல் சீசனிலேயே 10. இத்தனைக்கும் என்எஃப்எல் டிஃபென்ஸ் கல்லூரி டிஃபென்ஸைவிடப் பல மடங்கு கடினம். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு அந்த 2022 சீசனின் முதல் ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று ஜெயித்தார்கள். அந்த ஏழும் ஒரு டச்டவுனில் வரவில்லை. பந்தை உதைத்து எடுக்கும் ஒரு ஃபீல்டு கோலும் (மூன்று புள்ளி), எதிராளியை அவர்களின் கடைசி எல்லைக்குள்ளேயே மடக்கி எடுக்கும் இரண்டு சேஃப்டியும் (தலா இரண்டு புள்ளி). சேஃப்டி இரண்டும் டிஃபென்ஸ் சம்பாதித்தவை!

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023இல் குவாட்டர்பேக் கேட் மக்னமாராவின் முழங்கால் செப்டம்பரிலேயே போய்விட்டது. அது பெரிய அடிதான். ஆனால் 2022இல் அவர் அணியிலேயே இல்லை, அப்போதும் இதே கதை.

கேள்வி: அந்த 25 புள்ளி ஒப்பந்தம் உண்மையா?

உண்மை. 2023 பிப்ரவரியில் அயோவாவின் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் பிரையன் ஃபெரென்ட்ஸின் ஒப்பந்தத்தை மாற்றினார்கள். சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைந்தது. அணி சராசரியாக ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுக்க வேண்டும், ஏழு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும் என்று நிபந்தனை. எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். டிஃபென்ஸ் பந்தைப் பிடுங்கி டச்டவுன் போட்டாலும் அது அந்த 25இல் சேரும்! அஃபென்ஸ் கோச்சை அளக்க டிஃபென்ஸின் புள்ளியை எதற்குச் சேர்க்கிறீர்கள்? கடைசியில் சராசரி 15.4 வந்தது. மொத்த யார்டு கணக்கில் 133 அணிகளில் 133ஆவது இடம்.

கேள்வி: ஏன் திரும்பத் திரும்ப நடுவிலேயே ஓடினார்கள்?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் 49இல் சியாட்டில் ஒரு யார்டில் நின்றுகொண்டு, பந்தோடு ஓடும் லிஞ்சிடம் கொடுக்காமல் வீசிப் பறிகொடுத்தது முட்டாள்தனம்தானே?

இதைத்தான் சொன்னேன், ஒரே ப்ளே! 26 நொடி, ஒரு டைம் அவுட், இரண்டாவது டவுன். மீதி மூன்று முயற்சியும் வேண்டுமென்றால் ஒருமுறையாவது வீசித்தான் ஆக வேண்டும், பாஸ் தவறினால் கடிகாரம் நிற்கும். வீசியதில் தப்பில்லை. ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் நடுப்பகுதிக்குள் வீசியதுதான் தப்பு. குவாட்டர்பேக் வில்சனை ஓரமாக ஓடவிட்டிருந்தால், ஆள் இல்லையென்றால் பந்தை வெளியே எறிந்திருப்பார்.

கேள்வி: சார், 2023இல் அயோவா 10 ஆட்டம் ஜெயித்தது. டிஃபென்ஸும் பண்ட்டும் (பந்தை உதைத்து எதிராளியைத் தூரத்துக்குத் தள்ளுவது) வைத்து ஜெயிப்பதுதான் தலைமைக் கோச் கிர்க் ஃபெரென்ட்ஸ் வழி. ஜெயித்த அணியை ஏன் குறை சொல்கிறீர்கள்?

தோற்ற நான்கு ஆட்டங்களைப் பாருங்கள். பென் ஸ்டேட்டிடம் 31-0, மினசோட்டாவிடம் 12-10, மிச்சிகனிடம் 26-0, டென்னஸியிடம் 35-0. நான்கிலும் சேர்த்து 10 புள்ளி!

அதே நண்பர்: மினசோட்டா ஆட்டம் நடுவர் பறித்தது. நம்ம டிஜீன் பண்ட்டைப் பிடித்து ஓடிப் போட்ட டச்டவுனை ரத்து செய்தார்கள்.

அந்த முடிவு எனக்கும் வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் 12 புள்ளி மட்டும் கொடுத்த டிஃபென்ஸ், ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு பண்ட் ரிட்டர்னை நம்பி நிற்க வேண்டிய நிலை ஏன் வந்தது? டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கர் அந்த வருடம் நாட்டின் சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது வாங்கினார். பண்ட் அடிக்கும் டோரி டெய்லர் சிறந்த பண்டருக்கான ரே கை விருது வாங்கினார். இருவரும் இந்த உயரத்தில் இருக்கும்போது சராசரியான ஒரு அஃபென்ஸ் இருந்திருந்தால் போதும். இருபது புள்ளி எடுக்கிற அஃபென்ஸ், அவ்வளவுதான் கேட்கிறேன். அந்தப் பையன்களின் உழைப்பு வீணாகப் போனதை நினைத்தால்தான் எனக்குக் கோபம்.

வேறொருவர்: அப்படியென்றால் தப்பு மகனிடமா, அப்பாவிடமா?

அப்பாவிடம். பிரையன், தலைமைக் கோச் கிர்க்கின் மகன். அப்பாவுக்குக் கீழே மகன் என்று இருக்கக் கூடாது என்பதால், காகிதத்தில் அவருக்கு மேலதிகாரி விளையாட்டுத் துறை இயக்குநர். ஆனால் பந்தை இழக்காதே, பண்ட் அடி, டிஃபென்ஸ் பார்த்துக்கொள்ளும் என்ற கொள்கை கிர்க்குடையது, 1999இலிருந்து அவர்தான் தலைமைக் கோச். அந்தக் கொள்கைக்குள் நின்றுதான் மகன் ப்ளே அழைத்தார். கடைசியில் அக்டோபர் 30 அன்று, சீசன் நடக்கும்போதே, இடைக்கால இயக்குநர் பெத் கெட்ஸ்தான் பிரையன் அடுத்த வருடம் இல்லை என்று அறிவித்தார். அந்த முடிவை கோச்சே எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

10 வெற்றியைச் சொன்ன நண்பர்: தன் மகனை யார் சார் வெளியே அனுப்புவார்கள்?

அதனால்தான் அந்த வேலையில் மகனை வைத்திருக்கக் கூடாது.

கேள்வி: ஃபேன்டசி அணிக்கு யாரை எடுக்கலாம்?

எனக்கு அதில் பழக்கமில்லை, வேறு யாரையாவது கேளுங்கள்.

கேள்வி: ஏன் பாஸே வீசவில்லை?

முதல் பதிலைப் படியுங்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கோஆர்டினேட்டரை மாற்றினால் உடனே சரியாகுமா?

பாதி ஆகும். 2024இல் டிம் லெஸ்டர் வந்தார், ஸ்நாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ப்ளேயைத் தொடங்குவதற்கு) முன்னால் ஆட்களை நகர்த்த ஆரம்பித்தார், சராசரி 27.7க்கு ஏறியது. கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடினார். அவர் 2022, 2023இலும் இதே அணியில் இருந்தவர்தான். பாஸ் மட்டும் அப்போதும் சுமார்தான், அதற்குக் குவாட்டர்பேக்கும் ரிசீவர்களும் வேண்டும். அடுத்த ஆட்டம் பார்க்கும்போது முதல் டவுனில் என்ன ஆடுகிறார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.