390 கோடி ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது?

அன்புள்ள ஐயா,

சூரியக் குடும்பம் உருவாகி ஏறக்குறைய அறுபது கோடி ஆண்டுகள் கழிந்தபின், அதாவது இன்றைக்கு 390 கோடி ஆண்டுகளுக்கு முன், சிறுகோள்கள் திடீரெனக் கூட்டம் கூட்டமாகப் பாய்ந்து பூமியையும் நிலவையும் தாக்கின என்று கல்லூரிக் காலத்தில் படித்தேன். அண்மையில் கண்ணில் பட்ட ஒரு கட்டுரையோ அப்படியொரு தாக்குதல் நடக்கவே இல்லை என்கிறது. நிலவின் முகத்தில் அத்தனை பள்ளங்கள் இருக்கும்போது இதை எப்படி ஏற்பது? கல்லையே கையில் எடுத்துவந்து வயதைக் கணித்த பிறகும் கருத்து மாறுகிறது என்றால், அந்தக் கணிப்புக்குத்தான் என்ன மதிப்பு? இன்னொரு சிறிய ஐயமும் உண்டு. விண்கற்கள் பல கோணங்களில் சாய்வாக வந்து விழுந்திருக்கும். பள்ளங்கள் மட்டும் ஏன் வட்டமாகவே இருக்கின்றன?

அன்புடன்,
கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

நீங்கள் படித்த கட்டுரை சற்று அவசரப்பட்டுத் தலைப்பிட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். தாக்குதல் நடந்ததை எவரும் மறுக்கவில்லை. நிலவில் 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள கிண்ணக்குழிகள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. நிலவைச் சுற்றிவரும் லூனார் ரீகனைசன்ஸ் ஆர்பிட்டர் விண்கலத்தின் லேசர் உயரமானி அளந்து தந்த தரவுகளைக் கொண்டு அவை எண்ணப்பட்டுள்ளன. இவற்றிலும் மிகப் பெரிய மோதல் பள்ளங்களைப் படுகை என்கிறோம். புதனில் கலோரிஸ் படுகையின் விட்டம் ஏறக்குறைய 1,550 கிலோமீட்டர். செவ்வாயில் ஹெல்லாஸ் அதைவிடப் பெரியது. இவையெல்லாம் மோதலின் தழும்புகள் என்பதில் ஐயமில்லை. வழக்கு முழுவதும் காலத்தைப் பற்றியது. தொடக்கத்தில் மிகுந்திருந்த மோதல்கள் படிப்படியாகக் குறைந்துவந்தனவா, அல்லது ஒருமுறை தணிந்த பின் 390 கோடி ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் உச்சத்துக்கு எழுந்தனவா?

உச்சம் என்ற எண்ணம் அப்போலோ கற்களிலிருந்து வந்தது. 1969 முதல் 1972 வரை ஆறு தரையிறக்கங்களில் 382 கிலோ கல்லும் மண்ணும் பூமிக்கு வந்தன. மேட்டுநிலக் கற்களில் மோதலின் வெப்பத்தால் உருகியோ நொறுங்கியோ போனவற்றின் வயதைக் கணித்தபோது, அவற்றில் மிகப் பல 380 முதல் 400 கோடி ஆண்டுகளுக்குள் வந்து குவிந்தன. 1974இல் டெரா, பாபனஸ்டாஸியோ, வாஸர்பர்க் ஆகிய மூவரும் ஈயம், ருபிடியம் ஆகிய தனிமங்களின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகைகளை) ஆராய்ந்து, நிலவு அந்தக் காலத்தில் ஒரு பேரழிவைச் சந்தித்தது என்று எழுதினார்கள். அன்று கையிலிருந்த சான்றுகளுக்கு அது நியாயமான முடிவு. ஆனால் அதற்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருந்தன. கற்கள் நிலவின் பல படுகைகளிலிருந்து வந்தவை என்பது ஒன்று. கல் காட்டும் வயது ஒரு குறிப்பிட்ட மோதலின் வயது என்பது மற்றொன்று.

முதல் அனுமானத்தைப் பார்ப்போம். அப்போலோ பயணங்கள் ஆறும் நிலவின் நம்மை நோக்கிய பக்கத்தில், ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாத இடங்களில் இறங்கின. அந்தப் பக்கத்தை ஆள்வது 1,100 கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள இம்ப்ரியம் படுகை. அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் 1892இல் தொலைநோக்கி வழியே நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்தப் படுகையிலிருந்து நாலாபுறமும் ஆரக்கால்கள்போல் விரியும் வரிப்பள்ளங்களைக் கவனித்து, ஒரே பெரிய மோதலில் தெறித்த பொருள் நெடுந்தூரம் உழுதுசென்ற தடம் அது என்று சொன்னார். (இதே கில்பர்ட் அதற்கு முந்தைய ஆண்டு அரிசோனாவின் விண்கல் பள்ளத்தை நேரில் சென்று ஆராய்ந்து, அது நீராவி வெடிப்பால் உண்டானது என்று முடிவு செய்தவர். நிலவைச் சரியாகப் படித்தவர் காலடியில் இருந்ததைத் தவறவிட்டார்.) அப்போலோ 14 இறங்கியது இம்ப்ரியத்திலிருந்து தெறித்த படிவின்மீது, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். அப்போலோ 15 அதன் விளிம்பு மலையடியில் இறங்கியது. அப்போலோ 17 கொண்டுவந்த மோதல் கற்கள் செரினிடேடிஸ் என்ற வேறொரு படுகையைச் சேர்ந்தவை என்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. சுற்றுக்கலத்தின் படங்கள் வந்த பிறகு, 2011இல், அங்குள்ள குன்றுகளையும் இம்ப்ரியத்தின் தெறிபொருள் போர்த்தியிருக்கிறது என்ற வலுவான வாதம் எழுந்தது. அது சரியென்றால் பல படுகைகளின் வயது என்று நாம் எண்ணியது பெருமளவு ஒரே படுகையின் வயது. செரினிடேடிஸின் உண்மையான வயது இன்னும் பின்னால் போகும்.

இரண்டாவது அனுமானம் இன்னும் நுட்பமானது. உங்கள் கடிதத்தின் மையக் கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது. பொட்டாசியம் 40 என்ற ஐசோடோப்பு 125 கோடி ஆண்டு அரை ஆயுளுடன் (அதாவது அந்தக் காலத்தில் பாதி குறையும் வேகத்தில்) சிதைந்து, ஒரு பகுதி ஆர்கான் 40 வாயுவாகிறது. கல் முழுதாக உருகினால் அதுவரை சேர்ந்த ஆர்கான் வெளியேறிவிடும். உறைந்த பின் மீண்டும் சுழியத்திலிருந்து சேரத் தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் கல்துண்டை அணுஉலையில் வைத்து, நியூட்ரான்களால் அதன் பொட்டாசியத்தில் சிறு பங்கை ஆர்கான் 39 ஆக்குகிறார்கள். பிறகு அதைப் படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் வெளிவரும் இரண்டு ஆர்கான்களின் விகிதத்தை அளக்கிறார்கள். எல்லாப் படிகளிலும் ஒரே வயது கிடைத்தால் கல் ஒரே தடவையில் முழுதாக வாயுவை இழந்திருக்கிறது. குறைந்த வெப்பத்தில் இளைய வயதும் கூடிய வெப்பத்தில் முதிய வயதும் கிடைத்தால், பிற்கால மோதல் ஒன்று கல்லை உருக்காமல் வெறுமனே சூடாக்கி, வாயுவில் ஒரு பகுதியை மட்டும் கறந்துகொண்டு போயிருக்கிறது. அரைகுறையாக அழித்த பலகையில் மறுபடியும் எழுதியதைப்போல, அப்படிப்பட்ட கல்லில் இரண்டு காலங்கள் கலந்து கிடக்கின்றன. அந்தக் கலவையை ஒற்றை எண்ணாக்கினால் எந்த மோதலும் நிகழாத ஒரு தேதிகூடக் கிடைக்கலாம்.

2016இல் போன்கே, ஹாரிசன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் இதைக் கணினியில் சோதித்தார்கள். மோதல்கள் சீராகக் குறைந்துகொண்டே வந்ததாக, எந்த உச்சமும் இல்லாததாக, ஒரு நிலவை அமைத்து, அதன் கற்கள் ஒவ்வொரு மோதலிலும் ஓரளவு ஆர்கானை இழக்கச் செய்து, கடைசியில் வயதுகளைத் தொகுத்தபோது, 390 கோடியை ஒட்டி ஒரு பொய் உச்சம் தானாகவே முளைத்தது. ஆகவே கணிப்புக்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன். கருவி அளந்தது சரியே. வாயு எப்போது, எவ்வளவு தப்பியது என்பதைத்தான் அது அளந்தது. அதைப் படுகை பிறந்த நாளாக நாம் எடுத்துக்கொண்டது தனி முடிவு, மாறியதும் அந்த முடிவுதான்.

உச்சத்தை ஆதரிப்போர் பக்கம் ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நிலவிலிருந்து தெறித்துப் பூமியில் விழுந்த விண்கற்கள் அப்போலோ தளங்களுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. 2000இல் அவற்றின் மோதல் உருகல்களை ஆராய்ந்தபோது 392 கோடிக்கு மேற்பட்ட வயது எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கோள் அறிவியலாளர் ஹார்ட்மன் 1975லேயே இதற்கு மறுமொழி சொல்லியிருந்தார்: தொடக்கத்தில் மோதல்கள் அவ்வளவு அடர்த்தியாக இருந்தால், பின்னவை முன்னவற்றின் சான்றை அரைத்துத் தூளாக்கிவிடும், பழைய கல் கிடைக்காததைக் கொண்டு பழைய மோதல் இல்லை என்று தீர்மானிக்க இயலாது. எனக்கு இது வலுவான மறுமொழியாகவே படுகிறது.

உச்சத்துக்குக் காரணம் கற்பிக்கும் முயற்சியும் நடந்தது. வியாழனும் சனியும் தம் பாதைகளில் மெல்ல நகர்ந்து, அவற்றின் சுற்றுக்காலங்கள் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தைத் தொட்டபோது, வெளிக்கோள்களின் ஒழுங்கு குலைந்து சிறுபொருள்கள் உள்நோக்கிச் சிதறின என்று 2005இல் நீஸ் மாதிரி என்ற கணினிக் கோட்பாடு விளக்கியது. அழகான விளக்கம் என்பதால் உச்சத்தின்மீதான நம்பிக்கையும் அதனுடன் வளர்ந்தது. அந்தக் குலைவு நடந்திருக்கும் என்பதைப் பெரும்பாலோர் இன்றும் ஏற்கின்றனர். அறுபது கோடி ஆண்டு காத்திருந்து நடந்தது என்பதைத்தான் கைவிட்டு வருகின்றனர். வியாழனின் பாதையில் பட்ரோக்ளஸ், மெனோட்டியஸ் என்ற இரட்டைச் சிறுகோள் ஒன்றையொன்று சுற்றிவருகிறது. குலைவு தாமதமாகியிருந்தால் வெளிவட்டத்தில் நெரிசலாகக் கிடந்த சிறுபொருள்கள் மோதி மோதி அந்த இணையைப் பிரித்திருக்கும் என்றும், எனவே முதல் பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் அது நடந்துமுடிந்திருக்க வேண்டும் என்றும் 2018இல் நெஸ்வோர்னியின் குழு கணக்கிட்டது.

அண்மைச் செய்தி சீனத்திலிருந்து வந்தது. சாங்கே 6 விண்கலம் 2024 ஜூனில் நிலவின் மறுபக்கத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோ மாதிரியைக் கொண்டுவந்தது. இறங்கிய இடம் சுமார் 2,500 கிலோமீட்டர் அகலமுள்ள தென்முனை ஐட்கன் படுகைக்குள் இருக்கிறது. நிலவின் மிகப் பெரிய, மிகப் பழைய படுகை அது. மாதிரியில் இருந்த சில கற்களைக் கொண்டு படுகையின் வயதை 425 கோடி ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர். இம்ப்ரியமோ ஏறக்குறைய 392 கோடி. முதல் பெரிய படுகைக்கும் கடைசிப் பெரிய படுகைகளுக்கும் இடையே முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்குமானால், படுகைகள் எல்லாம் ஒரே குறுகிய காலத்தில் பிறந்தன என்ற பழைய, கடுமையான வடிவம் நிற்காது. நடுவில் மோதல்களின் எண்ணிக்கையில் சிறு மேடொன்று இருந்திருக்கலாம் என்ற மென்மையான வடிவத்தை இது ஒன்றே வீழ்த்திவிடாது. அதற்கு இம்ப்ரியத்தின் கை எட்டாத இடைக்காலப் படுகை ஒன்றின் தரையிலேயே உருகி உறைந்த பாறை வேண்டும்.

பூமியிலும் இதே காலத்தில் நிலவில் விழுந்ததைவிடப் பன்மடங்கு விழுந்திருக்கும். பரப்பு பதின்மூன்று மடங்குக்கு மேல், ஈர்ப்பும் மிகுதி. அந்தக் காலத்து மேலோடு ஏறக்குறைய முழுவதும் உள்ளே மடிந்து போய்விட்டதால் தழும்பு ஒன்றும் எஞ்சவில்லை.

இனி உங்கள் சிறிய ஐயம். அதைச் சிறியது என்று நீங்கள் சொன்னாலும் கில்பர்ட்டையே அது திணறடித்தது. அவர் சாய்வாக எறிந்து பார்த்த சோதனைகளில் நீள்பள்ளங்களே கிடைத்தன. அதனால் பூமியைச் சுற்றிய வளையம் ஒன்றிலிருந்து சிறுநிலவுகள் செங்குத்தாக விழுந்தன என்று அவர் கற்பிக்க வேண்டியதாயிற்று. அவர் கையில் இல்லாதது வேகம். நொடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு கிலோ கல்லில் 20 கோடி ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஏறக்குறைய 48 கிலோ டிஎன்டி வெடிமருந்துக்கு அது சமம். அந்த வேகத்தில் கல் நிலத்தைத் தோண்டுவதில்லை. நுழைந்த கணமே நின்று, தன் ஆற்றலை அதிர்வலையாக வெளிவிடுகிறது. அந்த அலை ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதால், கல்லைப்போல் பத்து, இருபது மடங்கு அகலமுள்ள வட்டப் பள்ளம் உண்டாகிறது. தரையை ஏறக்குறைய உரசிக்கொண்டு, பத்துப் பதினைந்து பாகைக்கும் குறைந்த கோணத்தில் வந்தால் மட்டுமே வடிவம் நீள்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைப் பார்க்க விரும்பினால், வளர்பிறையின் நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் சிறு தொலைநோக்கி ஒன்றை ஃபெகுண்டிடாடிஸ் சமவெளியின் பக்கம் திருப்புங்கள். மெசியர் என்ற கிண்ணக்குழி நீள்வட்டமாகவும், அதன் அருகிலுள்ள துணைக்குழியிலிருந்து இரண்டு வெண்கோடுகள் மேற்கு நோக்கி மட்டும் ஓடுவதாகவும் தெரியும்.

அன்புடன்.