நாயோடு நடந்து சம்பாதித்தது சம்பளமா, தொழிலா?

கேள்வி: எனக்கு வயது 33. பத்து வருடம் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்துவிட்டு 2024 மார்ச்சில் விட்டுவிட்டேன். இப்போது துரைப்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு, சுற்றியுள்ள அடுக்ககங்களில் நாய்களைக் காலையும் மாலையும் வாக்கிங் கூட்டிப் போகிறேன். ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை வீட்டிலும் வைத்துக்கொள்வேன். உதவிக்கு இரண்டு பையன்கள். பெரும்பாலும் ஜிபேயில்தான் பணம் வரும், கொஞ்சம் கையில். ஒரு செல்லப்பிராணி நிறுவனமும் எனக்கு வேலை தருகிறது. அவர்கள் 10% டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு எப்போதும் கணக்கு போடுகிற ஆடிட்டர், வழக்கம்போல ஐடிஆர்-1 என்ற வருமான வரிக் கணக்குப் படிவத்தைப் போட்டு, நிறுவனம் தந்த 2,40,000 ரூபாயை மட்டும் 'இதர வருமானம்' என்று காட்டி, டிடிஎஸ் 24,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். 2025 நவம்பரில் வருமான வரித் துறையிலிருந்து 139(9) நோட்டீஸ் வந்திருக்கிறது. கேட்டால், "பயப்படாதீங்கம்மா, 6% போட்டுடலாம்" என்கிறார். என் தோழியோ, டாக்டர், வக்கீல் மாதிரி 50% காட்ட வேண்டும் என்கிறாள். ஜிஎஸ்டியும் கட்ட வேண்டுமா? தூக்கமே வரவில்லை.
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: நோட்டீஸுக்குக் கெடு இருப்பதால் சுருக்கமான பதிலை உங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டேன். உங்களைப் போலச் சொந்தத் தொழிலுக்கு மாறியவர்களிடமிருந்து இதே கேள்வி அடிக்கடி வருகிறது. ஆகவே விரிவான பதில் இங்கே.

முதலில் தூங்குங்கள். 139(9) என்பது குற்றச்சாட்டு அல்ல. "நீங்கள் தந்த படிவத்தில் குறை இருக்கிறது, சரிசெய்து கொடுங்கள்" என்பதுதான் அதன் பொருள். அதற்கு 15 நாள் அவகாசம். போதாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்கலாம். பதிலே சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. விட்டால் நீங்கள் தாக்கல் செய்த கணக்கு செல்லாததாகிவிடும், தாக்கலே செய்யாதவர் நிலைக்கு வந்துவிடுவீர்கள். அப்புறம் டிசம்பர் 31-க்குள் தாமதக் கணக்காகப் போட வேண்டும். மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருந்தால் அதற்குத் தாமதக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய்.

குறை எங்கே வந்தது? நிறுவனம் உங்கள் பான் எண்ணில் 194ஜே பிரிவின் கீழ் டிடிஎஸ் கட்டியிருக்கிறது. அது தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவு. ஐடிஆர்-1 சம்பளக்காரர்களுக்கான படிவம், அதில் தொழில் வருமானத்துக்கு இடமே இல்லை. கணினி இரண்டையும் ஒப்பிட்டு நிறுத்திவிட்டது. பத்து வருடம் படிவம் 16-ஐ (முதலாளி தரும் சம்பளச் சான்று) வைத்துக் கணக்கு போட்டுப் பழகிய ஆடிட்டரின் கை, நீங்கள் வேலையை விட்டதைக் கேட்காமலே அதே படிவத்தைப் போட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய தவறு, வீட்டுக்காரர்கள் நேரடியாகத் தந்த பணம் முழுவதையும் விட்டுவிட்டது. நோட்டீஸ் அதைக் கேட்கவில்லை என்பதற்காக இந்தத் தடவையும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது வரவில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டுவதா, 50 சதவீதத்தையா என்ற சண்டைக்கு வருவோம்.

தோழி சொல்வது 44ஏடிஏ பிரிவு. அது எல்லாருக்கும் பொதுவான பிரிவு அல்ல. வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள் அலங்கார வல்லுநர் என்று சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்களுக்கும், அரசு அறிவித்த திரைக் கலைஞர் போன்ற சிலருக்கும் மட்டும். நாயை வாக்கிங் கூட்டிப் போகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை. "194ஜேயில்தானே டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள்" என்று வாதிடலாம். பணம் கொடுத்தவர் எந்தப் பிரிவில் டிடிஎஸ் பிடித்தார் என்பது உங்கள் வருமானத்தின் தன்மையைத் தீர்மானிக்காது. நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும். நீங்கள் செய்வது தொழில், அதாவது வியாபாரம். உங்களுக்குப் பொருந்துவது 44ஏடி, படிவம் ஐடிஆர்-4.

44ஏடி சொல்வது இது: விற்றுமுதல் (செலவைக் கழிக்காமல் தொழிலில் ஈட்டிய மொத்தத் தொகை) 2 கோடிக்குள் இருந்தால் (ரொக்கம் 5 சதவீதத்துக்கு மேல் போகாதவர்களுக்கு 3 கோடி) கணக்குப் புத்தகமோ தணிக்கையோ கட்டாயமில்லை. வங்கி வழியாகவும் ஜிபேயிலும் வந்ததில் 6%, ரொக்கமாக வந்ததில் 8% லாபம் என்று காட்டலாம். ஆடிட்டர் சொன்னது இதைத்தான். ஆனால் அவர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். "அல்லது அதைவிடக் கூடுதலாக ஈட்டியதாகச் சொல்லும் தொகை" என்றும் அதே பிரிவில் இருக்கிறது. 6% என்பது தரை. உங்கள் உண்மையான லாபம் அதற்கு மேலே இருந்தால் அதைக் காட்டுவதற்கு அந்தப் பிரிவே வழி வைத்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்து 2024-25 நிதியாண்டுக்குக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஜிபேயில் வந்தது 7,05,000. அதில் 85,000 ரூபாய் நாய்களின் சொந்தக்காரர்கள் மருத்துவருக்கும் தீவனத்துக்கும் என்று அனுப்பிய பணம். அதை அப்படியே செலவழித்து பில்லைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது உங்கள் வருமானமே அல்ல, கழித்துவிடுங்கள். மீதி 6,20,000. கையில் வாங்கியது 1,00,000. நிறுவனத்திடமிருந்து 2,40,000. இங்கே பலரும் தவறுவார்கள். வங்கிக்கு வந்தது 2,16,000 தானே என்று அதையே எழுதுவார்கள். பிடித்த டிடிஎஸ்ஸும் உங்கள் வருமானம்தான், உங்கள் பேரில் அரசிடம் இருக்கிறது. ஆக மொத்தம் 9,60,000.

ஆடிட்டர் வழியில் போனால் லாபம் 59,600 ரூபாய். வருடம் முழுக்க ஓடி, மாதம் ஐயாயிரம்கூடச் சம்பாதிக்கவில்லை என்று கையெழுத்துப் போடுகிறீர்கள்.

உண்மை நிலவரம்? இரண்டு பையன்களுக்கும் சேர்த்து மாதம் 17,000 வீதம் 2,04,000. பெட்ரோல், தோல் வார், பிஸ்கட், போன், நாய்க்கென்று ஒதுக்கிய அறையின் வாடகைப் பங்கு எல்லாம் சேர்த்து 68,000. இவற்றைக் கழித்தால் லாபம் 6,88,000. சேமிப்புக் கணக்கு வட்டி 4,000. மொத்தம் 6,92,000.

இதற்கு எவ்வளவு வரி தெரியுமா? ஒன்றுமில்லை. புதிய வரி முறையில் அந்த ஆண்டுக்கு முதல் 3 லட்சத்துக்கு வரி கிடையாது. மீதி 3,92,000-க்கு 5% என்றால் 19,600. மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவுத் தள்ளுபடியில் அந்த 19,600 முழுவதும் போய்விடும். டிடிஎஸ் 24,000 முழுவதும் உங்களுக்குத் திரும்பி வரும். மறைத்தாலும் அதே 24,000, உண்மையைச் சொன்னாலும் அதே 24,000. எதற்காக மறைக்க வேண்டும்?

"6% போட்டால் சட்டப்படி தப்பா?" என்று ஆடிட்டர் கேட்பார். தீர்ப்பாயம்வரை போய் வாதாடலாம், நானே வாதாடுவேன், கட்டணமும் வாங்கிக்கொள்வேன். ஆனால் நீங்கள் ஸ்கூட்டருக்குத் தவணை கட்டுகிறீர்கள், மாதம் 15,000 ரூபாய்க்கு மியூச்சுவல் ஃபண்டும் போடுகிறீர்கள். 59,600 சம்பாதிக்கிறவர் 1,80,000 முதலீடு செய்தது எப்படி என்று ஒருநாள் கேட்டால், விளக்கம் தர வேண்டியது உங்கள் பொறுப்பு. விளக்கமில்லாத முதலீடு என்று முடிவு செய்துவிட்டால் கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்ந்து 78% வரை போகும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனாலும் அவர்கள் முதலில் கேட்பது இந்த ஐடிஆரைத்தான்.

ஆகவே வருமான வரி இணையதளத்தில் நோட்டீஸுக்கு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று பதில் கொடுத்து, அதிலேயே ஐடிஆர்-4 படிவத்தைத் திருத்திய கணக்காக ஏற்றுங்கள். ஆண்டு முடிவில் கையிருப்பு ரொக்கம் எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று சில கட்டங்கள் இருக்கும். வெறும் பூஜ்யம் போட்டுவிட்டு நகராதீர்கள். மார்ச் மாதக் கூலி ஏப்ரலில் வந்திருந்தால் அது அங்கே வர வேண்டும்.

நிறுவனத்திடமும் ஒரு வேலை இருக்கிறது. 194ஜேயில் வரும் தொழில்முறைச் சேவைகளுக்கும் ஒரு பட்டியல் உண்டு, நாய் வாக்கிங் அதிலும் கிடையாது. ஒப்பந்த வேலைக்கான 194சி-தான் பொருத்தம், அதில் தனிநபருக்கு 1% போதும். அவர்கள் கணக்குப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் உங்கள் மாத வரவில் 9% கையிலேயே நிற்கும். "15ஜி கொடுங்கள், பிடிக்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வட்டி போன்ற சில வரவுகளுக்கான படிவம், இதற்குச் செல்லாது.

நீங்கள் பையன்களுக்குக் கொடுக்கும் கூலியில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை. தொழிலில் முந்தைய ஆண்டு விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டிய தனிநபருக்குத்தான் அந்தக் கடமை. ஆனால் கூலியை ஜிபேயில் கொடுங்கள். இன்னொன்று: நீங்கள் வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொடுத்து, அவர்கள் நேரடியாகப் பையன்களுக்குப் பணம் தந்து, அதில் உங்களுக்கு ஒரு பங்கு வருகிற ஏற்பாட்டுக்கு மாறப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அப்படி வருவது கமிஷன். கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி கிடையாது, முழுக் கணக்குப் புத்தகம் எழுத வேண்டிய நிலை வரும்.

ஜிஎஸ்டி விஷயம் எளிது. சேவை தருகிறவருக்குத் தமிழ்நாட்டில் எல்லை ஆண்டுக்கு 20 லட்சம். நீங்கள் அதில் பாதிகூடத் தொடவில்லை, பதிவு தேவையில்லை. தாண்டினால் 18%. கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைக்கு விலக்கு இருக்கிறதே, நமக்கும் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். கிடையாது, அந்த விலக்கு சிகிச்சைக்கு மட்டும். ஆனால் மருத்துவர் பணம், தீவனப் பணம் எல்லாம் கலந்து உங்கள் ஒரே கணக்கில் வருவதுதான் எனக்குக் கவலை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். வரவு வேறு, விற்றுமுதல் வேறு என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. தொழிலுக்கென்று தனியாக ஒரு நடப்புக் கணக்கு தொடங்குங்கள். மருத்துவரின் பில்லை நாயின் சொந்தக்காரர் பெயரிலேயே வாங்குங்கள், முடிந்தால் அவர்களையே நேரடியாக மருத்துவருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கையிலிருந்த லாப்ரடார் ஒரு காவலாளியைக் கடித்துவிட்டது, ஊசிக்கும் மருந்துக்கும் 6,000 கொடுத்தீர்கள், அதைச் செலவில் எழுதலாமா என்று. எழுதலாம். தொழில் நடத்தும்போது நேர்ந்த பாதிப்புக்குக் கொடுத்த ஈடு அது, மேலே சொன்ன 68,000-இல் அதையும் சேர்த்தே போட்டிருக்கிறேன். காவல்துறை வழக்காகி நீதிமன்றம் அபராதம் போட்டிருந்தால் அதை எழுத முடியாது, குற்றத்துக்கான அபராதம் தொழில் செலவாகாது. 'என் நாய் இல்லையே' என்ற பதிலும் எடுபடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு பார்ப்பது நாய் யாருடையது என்பதை அல்ல, அந்த நேரத்தில் யார் வசம் இருந்தது என்பதை. கவனக்குறைவு நிரூபணமானால் ஆறு மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். (எங்கள் வீட்டு நாட்டு நாய் தபால்காரரைத் துரத்திய நாளில் நானும் இந்தப் பிரிவை எடுத்துப் படித்துவிட்டுத்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.) ஒவ்வொரு நாய்க்கும் மாநகராட்சி உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாரைப் பிடியுங்கள்.

தொழில்வரியை மறந்திருப்பீர்கள், எல்லாரும் மறப்பார்கள். சம்பளத்தில் இருந்தபோது நிறுவனமே பிடித்துக் கட்டியது. இப்போது நீங்களே சென்னை மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். உங்கள் வருமானத்துக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய். கட்டினால் அதுவும் செலவுதான்.

2025-26 நிதியாண்டில் தள்ளுபடி எல்லை 12 லட்சம் ஆகிவிட்டது. உங்கள் லாபம் 9 லட்சத்தைத் தொட்டாலும் வரி வராது, மார்ச் 15-க்குள் கட்ட வேண்டிய முன்கூட்டிய வரியும் இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அன்றிலிருந்து பிரிவு எண்கள் வேறு. உங்கள் இப்போதைய நோட்டீஸுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

கணக்குப் புத்தகம் கட்டாயமில்லை என்றாலும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, நாயின் பெயர், வீட்டு எண், தொகை, ஜிபேயா கையிலா என்று ஐந்து கட்டம். நாயின் பெயரை எழுதுவது விளையாட்டுக்கு அல்ல. ஜிபேயில் கணவர் பெயரில் ஒரு மாதமும் மனைவி பெயரில் ஒரு மாதமும் பணம் வரும், நாயின் பெயர் மட்டும் மாறாது. திருத்திய கணக்கை ஏற்றியதும் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் இவ்வளவும் செய்தது வீண்.