முகத்தை விடுங்கள், பொத்தான்களை எண்ணுங்கள்: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் படைத்தலைவர்களின் உருவப்படங்கள் (கேள்வி பதில்)

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால (1861-65) உருவப்படத்தில் இருப்பவரின் பதவியை எப்படி அறிவது?

பதில்: அவர் அணிந்திருக்கும் கோட்டைப் பாருங்கள். வடதரப்புப் படையில் (லிங்கன் அரசின் படை) மேஜர் ஜெனரலுக்கு வரிசைக்கு 9 பொத்தான்களாக இரண்டு வரிசைகள் உண்டு. அவை மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். பிரிகேடியர் ஜெனரலுக்கு வரிசைக்கு 8, இரண்டிரண்டாக. கர்னலுக்கும் மேஜருக்கும் 7, சம இடைவெளியில். கேப்டனுக்கும் லெப்டினன்டுக்கும் ஒற்றை வரிசைதான். தோள்பட்டைச் சின்னத்தின் நடுத்துணி வெளிர்நீலமானால் காலாட்படை, மஞ்சளானால் குதிரைப்படை, சிவப்பானால் பீரங்கிப்படை. சட்டகத்தில் அடித்திருக்கும் பித்தளைப் பெயர்த்தகட்டை மட்டும் நம்பாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அடித்திருக்கலாம்.

கேள்வி: எங்களிடம் உள்ள படத்தில் வாள் வலது இடுப்பில் தொங்குகிறது. ஓவியரின் பிழையா?

பதில்: பிழை பெரும்பாலும் புகைப்படத்தினுடையது. உலோகத் தகட்டில் எடுக்கப்பட்ட பழங்காலப் புகைப்பட வகைகளான டாகெரோடைப்பும் டின்டைப்பும் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாற்றிக் காட்டும். ஒற்றை வரிசைக் கோட்டின் பொத்தான்களும் அணிந்தவரின் இடப்பக்கம் போயிருந்தால், ஓவியர் ஆளைப் பாராமல் அத்தகைய படத்தைப் பார்த்தே தீட்டினார் என்று கொள்ளலாம்.

கேள்வி: அப்படியானால் அது வெறும் நகல்தானே? அதைக் கலை என்பது ஏன்?

பதில்: இதை ஏற்க மாட்டேன். ஓவியர் ஜி. பி. ஏ. ஹீலி 1868-இல் தீட்டிய 'சமாதானம் செய்வோர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1865 மார்ச்சில் 'ரிவர் குவீன்' கப்பலில் அதிபர் லிங்கன், தளபதிகள் கிராண்ட், ஷெர்மன், கடற்படை அதிகாரி போர்ட்டர் ஆகிய நால்வரும் கூடிப் பேசியதை அது காட்டுகிறது. படம் தீட்டப்பட்டபோது லிங்கன் உயிரோடில்லை. ஹீலியும் அந்த அறையில் இருந்தவரல்லர். ஆயினும் முன்சாய்ந்து, கையில் மோவாயைத் தாங்கிக் கேட்கும் லிங்கனை எந்தப் புகைப்படமும் ஹீலிக்குக் கொடுத்துவிடவில்லை.

கேள்வி (அதே வாசகர்): ஆனால் ஓவியர் பாலிங்கின் 'கிராண்டும் அவரது தளபதிகளும்' (1865) போன்றவை நடக்காத காட்சிகள் அல்லவா?

பதில்: அத்தளபதிகள் அனைவரும் ஒருங்கே குதிரையேறி நின்றதில்லை என்பது உண்மையே. அதனால் அது அந்த நாளின் சாட்சியம் ஆகாது; அந்தப் படை தன்னை எப்படிப் பார்க்க விரும்பியது என்பதன் சாட்சியம் ஆகும். நகல் என்ற குற்றச்சாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை; ஒரு வாதத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

கேள்வி: கோட்டுக்குள் கை நுழைத்திருப்பவர் விரல் இழந்தவரா?

பதில்: இல்லை. நெப்போலியனுக்கு முன்பே வழக்கத்திலிருந்த, கண்ணியத்தைக் காட்டும் நிலை அது.

கேள்வி: 20 டாலர் நோட்டில் உள்ள, படைத்தலைவராக இருந்து அதிபரான ஜாக்சனின் படம் யார் தீட்டியது?

பதில்: தாமஸ் சல்லியின் ஓவியத்தைத் தழுவியது அது. ஆனால் ஜாக்சனைத் தீட்டித் தீட்டியே வாழ்நாளைக் கழித்தவர் ரால்ப் ஏர்ல். வெள்ளை மாளிகையிலேயே தங்கியிருந்து தீட்டினார். 1838-இல் இறந்தபோது ஜாக்சனின் ஹெர்மிடேஜ் பண்ணையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கேள்வி: படத்தில் உள்ள துப்பாக்கி எந்த வகை?

பதில்: ஆயுத வரலாறு அறிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் படம் என்ன விலை போகும்?

பதில்: நான்காவது முறையாகச் சொல்கிறேன்: விலை சொல்வதில்லை.

கேள்வி: மங்கிய வார்னிஷை வீட்டிலேயே துடைக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: பெயர்த்தகட்டில் 'ஜெனரல்' என்றிருக்கிறது, பொத்தான்கள் ஏழேழு. எதை நம்புவது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.