தட்டு விழுந்தால் திரும்புகிறாள், அது போதாது

கேள்வி: அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். நாத்தனாரின் மூன்று வயது மகனுக்குக் காது கேட்கவில்லை. ஜிஜேபி2 ஜீனின் இரண்டு பிரதியிலும் டபிள்யூ24எக்ஸ் மாற்றம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. என் மகளுக்கு ஏழு மாதம். தட்டு விழுந்தால் திரும்புகிறாள். ஆனால் காதைப் பிடித்து இழுக்கிறாள், அழுக்கும் வருகிறது. அத்தை பூண்டு எண்ணெய் காய்ச்சி விடுகிறார். இதே ஜீனால் தோல் நோயும் வரும் என்று நெட்டில் படித்தேன். காது குத்தலாமா? சொந்தத்தில் கட்டியதுதான் தப்பா?
(வாசகி, தேவகோட்டை)

பதில்: எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். பச்சைக் குழந்தையின் காது அடுப்பங்கரை வைத்தியத்துக்கான இடமில்லை. காய்ச்சலோ சீழோ இல்லாமல் காதை இழுத்தால் கவலை வேண்டாம். அழுக்கு தானாக வெளியே வரும். காது தாராளமாகக் குத்துங்கள். தோல் நோய் வருவது இந்த ஜீனின் வேறு சில அபூர்வ மாற்றங்களால். உங்கள் குடும்பத்தில் இருப்பது அதுவல்ல. நெட்டை மூடி வையுங்கள்.

என் கவலை தட்டைப் பற்றித்தான். எவர்சில்வர் தட்டு விழும்போது யாராவது திடுக்கிடுவார்கள், தரையும் அதிரும். காது கேட்காத குழந்தையும் அதற்குத் திரும்பும். கவனிக்க வேண்டியது அவள் வாயை. காது கேட்காத குழந்தைகளும் முதல் சில மாதங்கள் 'ங்ஙா' என்று கொஞ்சும், சிரிக்கும். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. ஏழெட்டு மாதத்தில் 'பபப', 'மமம' என்று அடுக்கி வர வேண்டும். அது வராமல், இருந்த சத்தமும் குறைந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடத்தைத் தொலைத்த வீடுகளைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் அந்த அறிகுறி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். காது கேட்கிறதா என்று பார்க்கும் 'பெரா' பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். தூங்கும் குழந்தையின் தலையில் சிறு பட்டைகளை ஒட்டி எடுப்பார்கள், வலிக்காது. பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும். இந்த ஜீன் கோளாறில் சில குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் பிறகு குறைவதுண்டு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள்.

உட்காதில் பொட்டாசியம் செல்லுக்குச் செல் கடந்துபோக நுண்ணிய வழிகள் உண்டு. அவற்றைக் கட்டும் கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான ஜீன் இது. அந்த மாற்றம் ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் காது நன்றாகக் கேட்கும். நாத்தனாரிடம் ஒன்று இருப்பதால் உங்கள் கணவரிடமும் இருக்கலாம். அது அத்தை வழி வந்ததென்றால், உங்கள் அப்பா மூலம் உங்களிடமும் இருக்கலாம். இருவரிடமும் இருந்தால்தான், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டியதால் ஜீன் கெட்டுவிடவில்லை; ஏற்கெனவே இருந்த இரண்டு பிரதிகள் ஒரு பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடியது, அவ்வளவுதான். சொந்தத்தில் கட்டாத வீடுகளிலும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. அடுத்த குழந்தைக்கு முன் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், நாத்தனார் மகன். இந்தக் கோளாறில் செவி நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அறிவுக்கும் குறைவில்லை. அதனால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் கேட்கும் கருவி, நல்ல பலன் தரும், வைத்த பிறகு பேச்சுப் பயிற்சியை விடாமல் செய்தால். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இதைச் செய்கிறார்கள். ஆனால் மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வருடங்கள் இப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்னும் வைக்கவில்லை என்றால் நாத்தனாரையும் மகனையும் உங்களோடு அழைத்துப் போங்கள்.